மிச்சமாக நின்ற 26 பி.எஸ்.ஐ.: உசிலம்பட்டிப் பக்கத்துப் பால் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மே மாதம் இரண்டாவது வாரம், காலை ஏழு மணிக்கு ஒரு போன். உசிலம்பட்டி தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்தின் பால் சேகரிப்பு நிலையத்திலிருந்து பொறுப்பாளர் பேசினார். "தம்பி, நேத்து ராத்திரி மொத்தப் பாலும் போச்சு. 780 லிட்டரு. டேங்கர்ல வந்தவரு கண்ணாடிக் குழாயில கொஞ்சம் ஊத்திக் காய்ச்சிப் பார்த்தாரு, திரிஞ்சுபோச்சு. எடுக்க மாட்டேன்னுட்டாரு. நீங்க இன்னைக்கே வந்து பாக்கணும்."

மதுரை சிம்மக்கல்லில் இருக்கும் என் குளிர்சாதன ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிளம்பி, உதவிக்கு இருக்கும் பையனையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது மணி பதினொன்று. நிலையத்துக்குப் பின்னால் வாய்க்காலில் முந்தின இரவு கொட்டிய பால் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது, மேலே ஈ. வாசலில் காலித் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "யப்பா, இன்னைக்காவது சரியாகுமா? ஒத்த மாடுதான்ப்பா எனக்கு" என்றார். சரியாக்கிவிடலாம் ஆத்தா என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். அப்போது எனக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம்தான். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வேலை முடிய இரண்டு நாள் ஆனது. அதற்கு முன் மூன்று வாரத்தில் பாலைக் குளிர்விக்கும் அதே மிஷினை மூன்று பேர் பார்த்திருந்தார்கள். ஒருவர் உள்ளே சுற்றும் குளிர்க் கேஸ் கூடிவிட்டது என்று கொஞ்சம் திறந்துவிட்டார், அடுத்தவர் குறைந்துவிட்டது என்று போட்டார். என்னையும் சேர்த்து எல்லோருமே அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தவர்கள்தான். கேஜ் பொய் சொல்லவில்லை. அது எதன் அழுத்தத்தைக் காட்டுகிறது என்பதை நாங்கள்தான் கேட்கவில்லை. நம் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு இது உதவும் என்பதால் எண்களோடு எழுதுகிறேன்.

போனதும் பார்த்தது

ஆயிரம் லிட்டர் தொட்டி. அடியிலேயே குளிர்த்தகடு பதித்த வகை. ஆர்-22 கேஸ், அதை நசுக்கித் தள்ளும் சீல் செய்த த்ரீ ஃபேஸ் கம்ப்ரஸர், கேஸை வெளிக்காற்றால் ஆற்றித் திரவமாக்கும் கண்டென்சர், அந்தத் திரவம் தேங்கும் ரெசீவர், அதை அழுத்தம் குறைத்துத் தகட்டுக்குள் விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு. தகர ஷெட்டுக்குள் 36 டிகிரி. காலை ஏழரைக்கு ஊற்றிய பால் பதினொன்றேகாலுக்கும் 14 டிகிரியில் நின்றது. தொட்டியைச் செய்தவர்கள் பெயர்த்தகட்டில் பொறித்த கணக்கோ, பாதித் தொட்டிப் பால் 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு மூன்று மணி நேரத்தில் இறங்க வேண்டும் என்பது.

மிஷின் நான் நிற்கும்போதே ஒரு முறை நின்றது. பொறுப்பாளர் ஓடிப்போய் அழுத்தம் எல்லை மீறினால் மிஷினை நிறுத்தும் ஹை பிரஷர் கட்டவுட்டின் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். மூன்று வாரமாக இதுதான் அவர் வேலை. பொத்தானில் இருந்த சிவப்பே தேய்ந்துபோயிருந்தது.

கேஜை மாட்டினேன். கம்ப்ரஸர் கேஸைத் தள்ளும் டிஸ்சார்ஜ் பக்கம் 330 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு), அது இழுக்கும் சக்‌ஷன் பக்கம் 48. கண்டென்சரிலிருந்து வெளியே வரும் லிக்விட் குழாயில் வெப்பமானியைக் கட்டிப் பார்த்தால் 44 டிகிரி. சக்‌ஷன் குழாயில் 5 டிகிரி. கிளாம்ப் மீட்டரில் 5.7 ஆம்பியர்.

இந்த ஐந்து எண்ணும் என்ன சொல்கின்றன என்று புரிய, அடிப்படையைக் கொஞ்சம் பேச வேண்டும். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் நான் தடுக்கி விழுந்ததும் அடிப்படையில்தான்.

வெப்பம் எங்கே ஒளிகிறது

500 லிட்டர் பால் என்பது 515 கிலோ. ஒரு கிலோ பாலை ஒரு டிகிரி இறக்க 0.93 கிலோ கலோரி எடுக்க வேண்டும். 35-லிருந்து 4-க்கு 31 டிகிரி. பெருக்கினால் ஏறக்குறைய 14,850 கிலோ கலோரி. மூன்று மணி நேரத்தில் என்றால் மணிக்கு 4,950. ஒரு டன் ஏசி என்று நாம் சொல்கிற டன், மணிக்கு 3,024 கிலோ கலோரி. 2,000 பவுண்டு ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த அளவு. எடைக்குச் சொல்லும் டன்தான் குளிருக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆக இந்தத் தொட்டிக்குப் பாலுக்கு மட்டுமே 1.64 டன் வேண்டும்.

இவ்வளவு வெப்பத்தை நாலரைக் கிலோ கேஸ் எப்படித் தூக்கிப் போகிறது? பால்கோவா கிண்டுகிறவர்களைக் கேட்டால் பாதி பதில் கிடைக்கும். அடுப்பு மணிக்கணக்காக எரிகிறது. பால் சுண்டுகிறது. ஆனால் கொதிக்க ஆரம்பித்த பிறகு சூடு 100 டிகிரி பக்கத்திலேயே நிற்கிறது, மேலே ஏறுவதில்லை. அவ்வளவு விறகின் வெப்பமும் எங்கே போனது? நீர் ஆவியாவதற்கே செலவானது. ஒரு கிலோ தண்ணீரை 35-லிருந்து 100-க்கு ஏற்ற 65 கிலோ கலோரி போதும். அதே ஒரு கிலோவை 100 டிகிரியிலேயே வைத்து ஆவியாக்க 540 வேண்டும். வெப்பமானிக்குத் தெரியாமல் உள்ளே போகிற இந்த வெப்பத்தை ஜோசப் பிளாக் என்பவர் 1760-களில் அளந்து காட்டினார். உள்ளுறை வெப்பம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். மாட்டுத்தாவணியில் மல்லிகைக் கூடை மேல் ஈரச்சாக்கு போர்த்துகிறவர்கள் படிக்காமலே அதைப் பயன்படுத்துகிறார்கள்: சாக்கு காயும்போது பூவின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது.

குளிர்சாதனம் முழுவதும் இதே வேலைதான். கொதிக்கிற எதுவும் பக்கத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். நமக்கு வேண்டியதெல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொதிக்கிற ஒரு திரவம்.

கொதிநிலையை மாற்றும் குமிழ் அழுத்தம். வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே 120 டிகிரி. வெளியே உள்ள காற்றழுத்தத்துக்கு மேல் இன்னொரு 15 பி.எஸ்.ஐ. ஏறியிருப்பதால் தண்ணீர் 100-இல் கொதிக்க முடியாமல் அடங்கியிருக்கிறது. கொடைக்கானலில் நேர் எதிர். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், மூடாத பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கும். ஆர்-22-ஐத் திறந்தவெளியில் விட்டால் மைனஸ் 41-இல் கொதிக்கும். 57 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடைத்து வைத்தால் பூஜ்யத்தில் கொதிக்கும். 267-இல் வைத்தால் 50 டிகிரியில்.

அதாவது அழுத்தத்தைச் சொன்னால் வெப்பநிலையைச் சொன்ன மாதிரி. கேஜின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். வெளிவட்டத்தில் பி.எஸ்.ஐ. எண்கள். உள்ளே நிறம் நிறமாக இரண்டு மூன்று வட்டங்கள், ஒவ்வொரு கேஸுக்கும் ஒன்று, அதில் இருப்பது வெப்பநிலை. நம்மில் நிறையப் பேர் வெளிவட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். "சக்‌ஷன் 60 இருந்தா ஓகே" என்று மனப்பாடம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் உள்வட்டத்தைப் படிக்காமல் கேஸ் சிலிண்டரைத் தொடவிட மாட்டார். அதனால்தான் அன்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இனி அந்த எண்களுக்கு வருவோம். சக்‌ஷன் 48 என்றால் தகட்டுக்குள் கேஸ் மைனஸ் 4-இல் கொதிக்கிறது. குழாயில் 5 டிகிரி. கொதித்து முடித்த ஆவி இன்னும் 9 டிகிரி சூடாகி வருகிறது என்று பொருள். இதை சூப்பர்ஹீட் என்போம். திரவம் கம்ப்ரஸருக்குள் போகவில்லை, தகடும் பட்டினியாக இல்லை. நல்ல எண். டிஸ்சார்ஜ் 330 என்றால் உள்வட்டத்தில் 59 டிகிரி. வெளிக்காற்று 36. இந்த மாதிரி கண்டென்சருக்கு வெளிக்காற்றைவிடப் பதினாலு பதினைந்து டிகிரி மேலே இருந்தால் நியாயம், 50 வாக்கில். 59 என்பது ரொம்ப அதிகம். லிக்விட் குழாயோ 44. 59-இல் திரவமாகி 44 வரை ஆறி வருகிறதென்றால் 15 டிகிரி சப்கூலிங்.

ஹெட் பிரஷர், அதாவது டிஸ்சார்ஜ் அழுத்தம், ஏறியதால் என்ன நஷ்டம் என்றும் பார்த்துவிடலாம். கேஜ் பூஜ்யத்தைக் காட்டும்போதே நம்மைச் சுற்றிக் காற்று 14.7 பி.எஸ்.ஐ. அழுத்திக்கொண்டிருக்கிறது. அதைக் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். 330-ஐ 345 ஆக்கி, 48-ஐ 63 ஆக்கி வகுத்தால் ஐந்தரை மடங்கு. கம்ப்ரஸர் ஒவ்வொரு இழுப்பிலும் ஆவியை ஐந்தரை மடங்கு நசுக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொட்டியில் மணிக்குச் சுமார் 140 கிலோ கேஸ் சுற்ற வேண்டும், அதாவது உள்ளே இருக்கும் நாலரைக் கிலோவும் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடித்துத் திரும்ப வேண்டும். மடங்கு ஏற ஏற ஒவ்வொரு இழுப்பிலும் குறைவாகத்தான் போகும், கரண்ட் மட்டும் கூடும்.

இன்னொன்று. இந்த நாலரைக் கிலோ தீர்ந்துபோகாது. பெட்ரோல் மாதிரி எரிந்து செலவாகிற பொருள் இல்லை அது. "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போடணும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்திருந்தால் ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் நாள், என் கணிப்பு

கண்டென்சரைப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தகடுகளுக்கு நடுவில் வைக்கோல் தூசியும் தவிட்டுப் பொடியும் பட்டை கட்டியிருந்தது. காற்று வெளியேறும் பக்கம் மாட்டுத் தீவன மூட்டைகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஊதிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது மிஷின். பாலிலிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரஸர் போட்ட உழைப்பும் சேர்ந்து வெளியே போக இருக்கிற ஒரே வழி அதுதான். மூட்டைகளை நகர்த்தினோம். பையன் பிரஷ்ஷால் தட்டி, உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினான். கறுப்புத் தண்ணீர் ஓடி முடிய அரை மணி ஆனது.

போட்டுப் பார்த்தோம். 330 இறங்கி 310-இல் நின்றது. உள்வட்டத்தில் 56. எதிர்பார்த்த 50 வரவில்லை. லிக்விட் குழாய் 43. சப்கூலிங் இன்னும் 13.

இங்கேதான் தவறினேன். கண்டென்சர் சுத்தம், ஃபேன் சரியான திசையில் சுற்றுகிறது, ஹெட் பிரஷர் அதிகம், சப்கூலிங் அதிகம். படித்த படிப்பும் இருபத்திரண்டு வருட அனுபவமும் ஒரே குரலில் சொன்னது: கேஸ் கூடுதல். கண்டென்சருக்குள் திரவம் தேங்கிப் பாதிக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. மூன்று பேர் மாறி மாறிக் கை வைத்த மிஷின் வேறு. ரிக்கவரி மிஷினை மாட்டி ரெசீவர் பக்கத்திலிருந்து ஒரு கிலோ திரவத்தை சிலிண்டருக்கு எடுத்தேன்.

ஹெட் பிரஷர் 310-லிருந்து 300-க்குத்தான் வந்தது. சக்‌ஷனோ 38-க்கு விழுந்தது. சூப்பர்ஹீட் 18. லிக்விட் குழாயில் திரவம் ஓடுவதைக் காட்டும் கண்ணாடியான சைட் கிளாஸில் குமிழ் குமிழாக ஓடியது.

பையன் சைட் கிளாஸைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இப்ப கேஸ் பத்தலையே" என்றான். ஆமாம், பத்தவில்லை. எடுத்ததைத் திரும்பப் போட்டால் 310. எடுத்தால் பட்டினி. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை, சரியான அளவில் ஒரு மிஷின் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

எடுத்த ஒரு கிலோவைத் திரும்ப உள்ளே விட்டேன். சாயங்காலப் பாலைப் பொறுப்பாளர் ஐஸ் கட்டிகளைத் தண்ணீரில் போட்டு, கேன்களை அதில் நிற்கவைத்து எப்படியோ சமாளித்தார். நான் டீ வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் முதலிலிருந்து கேட்டேன். இதைப் போனதுமே கேட்டிருக்க வேண்டும். இந்தப் பிரச்சினை என்றிலிருந்து? மூன்று வாரமாக. அதற்கு முன் என்ன நடந்தது?

"கம்ப்ரஸர் பக்கத்துல குழாய் விண்டுபோயி கேஸ் பூராம் போச்சு தம்பி. ஒருத்தரு வந்து பத்த வச்சாரு. அன்னைக்கு கரண்டே இல்ல. பால் வந்து நிக்குது, அவசரம். காத்தை வெளிய தள்ளிட்டுக் கேஸ் அடிச்சிர்றேன்னு அடிச்சுக் குடுத்துட்டுப் போனாரு."

காற்றை வெளியே தள்ளிவிட்டு. பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருப்பதை எல்லாம் இழுத்தெடுக்கும் வாக்குவம் போடவில்லை. குழாய்க்குள் காற்று நிற்கிறது.

இரவு பத்து மணி

உள்வட்டத்து வெப்பநிலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே ஒரே ஒரு பொருள் இருக்க வேண்டும், அது திரவமும் ஆவியுமாகச் சேர்ந்திருக்க வேண்டும். வேறொரு வாயு கலந்துவிட்டால் அதன் அழுத்தமும் தனியாகச் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு வாயுவும் தான் மட்டும் இருந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தும், மொத்தம் அவற்றின் கூட்டுத்தொகை என்பது டால்டன் விதி. பள்ளிக்கூடத்தில் படித்தது. கேஜ் மொத்தத்தைத்தான் காட்டும், பிரித்துக் காட்டாது. நான் 310-ஐ முழுக்க ஆர்-22 என்று எடுத்துக்கொண்டு 56 டிகிரி என்று படித்தேன். அந்த 56 பொய். அதிலிருந்து கழித்து வந்த 13 டிகிரி சப்கூலிங்கும் பொய்.

கேஸ் கூடினாலும் காற்று கலந்தாலும் மிஷின் ஓடும்போது ஒரே முகத்தைக் காட்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க மிஷின் நிற்க வேண்டும்.

டேங்கர் ஒன்பதரைக்கு வந்து பாலை ஏற்றிப் போனது. தொட்டி காலி, ஆனால் தகடு இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது. இதைக் கவனிக்க வேண்டும். நின்ற மிஷினில் கேஸ் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய்விடும், அழுத்தமும் அந்தக் குளிருக்கு ஏற்றபடி விழுந்துவிடும், சோதனை கெட்டுப்போகும். அதனால் ரெசீவர் வெளி வால்வை மூடி, கம்ப்ரஸரை ஓட்டிக் கேஸ் முழுவதையும் கண்டென்சருக்கும் ரெசீவருக்கும் தள்ளினேன். பிறகு நிறுத்தி, டிஸ்சார்ஜ் வால்வையும் அடைத்தேன். கண்டென்சர் ஃபேனுக்கு மட்டும் தனியாக லைன் கொடுத்து ஓடவிட்டேன். உள்ளே இருப்பதும் வெளிக்காற்றும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும்.

ஷெட்டில் நாங்கள் மூன்று பேர். ஃபேன் சத்தம் மட்டும். பையன் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை டார்ச் அடித்து எண்ணைச் சொன்னான். 232. 207. 193. 187. பத்தே முக்காலுக்கு மேல் முள் அசையவில்லை. கண்டென்சருக்குள் போகும் காற்று 30 டிகிரி, லிக்விட் குழாய் 30 டிகிரி, ரெசீவர் உடம்பும் 30. முள் 184-இல்.

30 டிகிரியில் சுத்தமான ஆர்-22 காட்ட வேண்டியது 158. உள்ளே ஒரு கிலோ இருந்தாலும் பத்துக் கிலோ இருந்தாலும் 158தான். கூடுதல் கேஸால் இந்த எண்ணை ஏற்றவே முடியாது, திரவம் கூடுமே தவிர அழுத்தம் கூடாது. அப்படியானால் மிச்சமாக நிற்கும் 26 பி.எஸ்.ஐ. யாருடையது? காற்றினுடையது. அந்தக் கண்டென்சருக்குள் மூன்று வாரமாக உட்கார்ந்திருந்த உசிலம்பட்டிக் காற்று.

பொறுப்பாளருக்கு முள்ளைக் காட்டி, 158 இருக்க வேண்டிய இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டினேன். "இவ்வளவு தூரம்தானா தம்பி?" என்றார். கேஜில் அரை விரல்கடைகூட இல்லை.

நிற்கும்போது 26 என்றால் ஓடும்போது பாதிப்பு அதைவிடப் பெரியது. ஆர்-22 ஆவி கண்டென்சருக்குள் வந்து திரவமாகிக் கீழே போய்விடுகிறது. காற்று இந்தச் சூட்டில் எந்தக் காலத்திலும் திரவமாகாது. ரெசீவரின் அடியில் திரவம் நிற்பதால் அதைத் தாண்டி வெளியேறவும் வழியில்லை. ஆவி தள்ளத் தள்ளக் கண்டென்சரின் கடைசிக் குழாய்களில் போய் ஒதுங்கி, உள்சுவரைப் போர்த்திக்கொண்டு நிற்கும். அந்தக் குழாய்கள் வேலைக்கு ஆகாது. மீதிக் குழாய்களே முழு வெப்பத்தையும் தள்ள வேண்டியிருப்பதால் கேஸின் உண்மையான சூடும் ஏறும், அதற்கு மேல் காற்றின் அழுத்தமும் சேரும். பகல் வெயிலில் கட்டவுட் அடித்துக்கொண்டே இருந்த கதை இதுதான்.

வாக்குவம்

மறுநாள் காலைப் பாலைப் பக்கத்து ஊர் நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நாங்கள் உள்ளே இருந்த கேஸ் முழுவதையும் தனி சிலிண்டரில் எடுத்து, "காற்று கலந்தது" என்று பெயிண்டில் எழுதி ஓரம் வைத்தோம். திறந்துவிட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் ஆர்-22 ஓசோனையும் அரிக்கிறது, சூட்டைப் பிடித்து வைப்பதிலும் கார்பன் டையாக்சைடைப் போல 1,810 மடங்கு. மான்ட்ரியல் ஒப்பந்தப்படி நம் நாட்டிலும் அதற்கு முடிவு நெருங்குகிறது. நம் கையில் இருக்கும் வரை அதை ஊரில் திறந்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பழைய பற்றவைப்பை நைட்ரஜன் 250 பி.எஸ்.ஐ. ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். நன்றாகத்தான் பற்றவைத்திருந்தார். இரண்டு மணி நேரம் முள் அசையவில்லை. குழாயில் ஈரத்தைப் பிடிக்கும் ஃபில்டர் டிரையரை மாற்றினோம். பிறகு வாக்குவம் பம்ப்.

கால் மணி நேரத்தில் சாதாரண கேஜின் முள் கீழே போய் முட்டிவிட்டது. பையன் கேட்டான், "காத்துதான் பூராம் போயிருச்சேண்ணே, இன்னும் எதுக்கு ஓடுது?"

நல்ல கேள்வி. பம்ப் காற்றுக்காக மட்டும் ஓடவில்லை, தண்ணீருக்காக ஓடுகிறது. திறந்து கிடந்த குழாய்க்குள் காற்றோடு ஈரமும் போயிருக்கும். அது கம்ப்ரஸர் ஆயிலில் ஊறியிருக்கும். தண்ணீரை உறிஞ்சி எடுக்க முடியாது, கொதிக்கவைத்து ஆவியாகத்தான் எடுக்க முடியும். ஷெட்டின் 35 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்க வேண்டுமென்றால், சாதாரணமாகப் பாதரசக் கணக்கில் 760 மில்லிமீட்டர் இருக்கும் அழுத்தத்தை 42-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். கொடைக்கானலில் பார்த்த அதே விஷயம், இன்னும் வெகுதூரம் மேலே. சாதாரண கேஜில் 42-க்கும் அரை மில்லிமீட்டருக்கும் வித்தியாசமே தெரியாது, இரண்டுக்கும் முள் கீழேதான் முட்டி நிற்கும். அதனால் மைக்ரான் கேஜ் வேண்டும். அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான் வரை இறக்கினால் நம்பலாம்.

ஈரத்தை விட்டுவைத்தால் பூஜ்யத்துக்குக் கீழே ஓடும் தொட்டியில் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துளையிலேயே ஐஸ் கட்டி அடைக்கும். கேஸோடும் ஆயிலோடும் சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரின் காயிலைத் தின்னும். அது இன்றோ நாளையோ தெரியாது, ஆறு மாதம் கழித்துத் தெரியும்.

மூன்று மணி நேரம் கழித்து 480 மைக்ரான். பம்ப்பை அடைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தோம். 620-க்கு ஏறி நின்றுவிட்டது. ஓட்டை இருந்தால் நிற்காமல் ஏறிக்கொண்டே போயிருக்கும். புதுக் கேஸைத் தராசில் வைத்து, பெயர்த்தகட்டில் போட்டிருந்த நாலரைக் கிலோவை எடையாகவே ஏற்றினோம்.

வாக்குவம் போடாமல் கொடுத்துவிட்டுப் போனவரை நான் குறை சொல்லத் தயங்குகிறேன். கரண்ட் இல்லை, பால் வாசலில் நிற்கிறது, சுற்றிலும் ஆட்கள் "எப்ப ஓடும், எப்ப ஓடும்" என்று கேட்கிறார்கள். அந்த நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் அன்று காப்பாற்றிய ஒரு வேளைப் பாலுக்கு மூன்று வாரம் கழித்து 780 லிட்டர் போனது. கரண்ட் இல்லையென்றால் பால் கேன்களை ஆட்டோவில் ஏற்றி வேறு தொட்டிக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம். எதைச் செய்ய முடியாது என்று வாய்விட்டுச் சொல்வதும் நம் வேலையில் சேர்ந்தது.

பிறகு

அன்று பிற்பகல், ஷெட்டில் 37 டிகிரி, முந்தின நாளைவிட ஒரு டிகிரி கூடவே. தொட்டியில் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தோம். டிஸ்சார்ஜ் 272, உள்வட்டத்தில் 51-க்கு ஒரு பொட்டுக் குறைவு. லிக்விட் குழாய் 44, சப்கூலிங் ஏழுக்குள். சக்‌ஷன் 50, குழாய் 4 டிகிரி, சூப்பர்ஹீட் 7. நசுக்கும் மடங்கு ஐந்தரையிலிருந்து 4.4-க்கு இறங்கியது. கரண்ட் 5.7-லிருந்து 4.5. சைட் கிளாஸ் தெளிவாக, உள்ளே ஒன்றுமே இல்லாதது போல இருந்தது.

சாயங்காலம் 340 லிட்டர் வந்தது. பாட்டி தன் தூக்குவாளியில் நாலு லிட்டர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போகாமல் தொட்டியின் வெப்பமானிக்குக் கீழே நின்றார். எண் படிக்கத் தெரியாது அவருக்கு, ஆனால் இரண்டு இலக்கம் ஒரு இலக்கமாவது தெரியும். 10 போய் 9 வந்தபோது "ஒத்தையாயிருச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். 4 டிகிரியைத் தொட இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது.

கிளம்பும் முன் பொறுப்பாளரிடம் ஒரு அட்டை எழுதிக் கொடுத்தேன். 26 டிகிரியிலிருந்து 34 வரை ஒவ்வொரு டிகிரிக்கும் நின்ற மிஷினில் இருக்க வேண்டிய அழுத்தம். மிஷினிலேயே நிரந்தரமாக ஒரு கேஜ் மாட்டிவிட்டு, மாதம் ஒரு தடவை டேங்கர் போன பிறகு எந்த வால்வை மூடி எப்படி நிறுத்திப் பார்ப்பது என்று இரண்டு முறை செய்யவைத்தேன். தீவன மூட்டைகளை அந்தப் பக்கம் அடுக்காமல் இருக்கச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டோம்.

ஜூன் மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. பால் கணக்கு நோட்டில், கொழுப்பு அளவுக்கும் லிட்டர் கணக்குக்கும் கீழே தனியாகக் கோடு போட்டு எழுதியிருந்தார்: வெளிச்சூடு 30, முள் 159.